செருப்பைத் திருப்பி வைத்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி நடத்தியவன் நான். புளியமரத்துப் பேய்க்குக் கார்பன் டை ஆக்சைடு, கொள்ளிவாய்ப் பிசாசுக்கு மீத்தேன் என்று போர்டில் எழுதிப் போட்டு, அதையே பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வியாகவும் கேட்டவன். நான் பயப்படுகிற ஒரே ஆள் மாலதி. அவள் என் மனைவி, நன்றாக உயிரோடு இருக்கிறாள், அது வேறு கேஸ். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. வேறு யாராவது சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன், மீத்தேன் என்றிருப்பேன். இன்னொன்று, நள்ளிரவு, நாய் ஊளை, மல்லிகை வாசனை இதெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். நடந்தது எல்லாம் பகலில், அதுவும் பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி.

பேராவூரணியிலிருந்து கடல் பக்கம் போகிற வழியில் என் மாமனாருக்கு ஒரு தென்னந்தோப்பு. புயலில் பாதி மரம் போய்விட்டது, நடுவில் இருந்த ஓட்டு வீடு மட்டும் நின்றது. மாமனார் காலத்துக்குப் பிறகு பூட்டிக் கிடந்தது. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல், அந்த வீட்டுக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, போட்டோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டேன். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போய் வந்து, இரண்டு நாள் தோப்பில் தங்கி, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போக ஜனங்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். உண்மைதான், இருந்தார்கள். ஆனால் நாங்கள் இருப்பது தஞ்சாவூரில். ஒவ்வொரு தடவையும் ஆள் வருகிறார்கள் என்றால் இரண்டு மணி நேரம் காரில் ஓடி, கதவைத் திறந்து, பக்கெட் வைத்து, மக்கை மறந்து, மறுபடி ஓடி. முதல் மாதம் வந்த ஒரு குடும்பம், 'உரிமையாளர் அன்பானவர், ஆனால் அவர் இல்லாமல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்' என்று எழுதிவிட்டுப் போனது.

மாலதி அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். "இவங்க சொல்றதுதான் சரி. பொங்கல் வரைக்கும் டைம். அதுக்குள்ள நீங்க இல்லாம அந்த வீடு ஓடணும். இல்லன்னா எங்கண்ணன் சொல்ற எறால் பண்ணைக்காரருக்கே குடுத்துடுவோம்."

அவள் அப்பா வீடு. அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ அந்த வீடு போனால் நாள் முழுக்க மாலதியோடு வீட்டில் உட்கார வேண்டும். ஆகவே அவசர அவசரமாக ஒரு மேனேஜர் தேடினேன்.

வந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஒருவர் லேப்டாப்பைத் திறந்து 'விருந்தாளியின் பயணம்' என்று அம்புக்குறி போட்டுப் படம் காட்டினார், தேங்காய் உரிக்கத் தெரியுமா என்று கேட்டதும் மூடிவிட்டார். இன்னொருவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மேடை போட எந்தப் பக்கம் தோது என்று விசாரித்தார், கட்சிக்காரராம். மூன்றாவதாக வந்தவர்தான் செல்லத்துரை அண்ணன். அறுபது வயசு. இருபத்திநாலு வருஷம் மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துக் கிராமம். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டிருந்தார். நான் கேள்வி கேட்பதற்குள் அவர் கேட்டார்.

"வர்றவங்க செருப்ப எங்க சார் விடுறாங்க?"

"வாசப்படியிலதான். ஏண்ணே?"

"எந்தப் பக்கம் பாத்த மாதிரி?"

முப்பது வருஷத்தில் எந்த மாணவனும் என்னை இப்படி மடக்கியதில்லை. அவரே சொன்னார். வந்திருக்கிறவர்களின் செருப்பு வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும். போகிறவர்களின் செருப்பு, போகிற அன்று காலையில், துடைத்து, வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும், குனிந்து தேடாமல் காலை நுழைத்துக்கொண்டு போகிற மாதிரி. "இன்னும் ஒரு நாள் இருக்கணும்னு தோணுச்சுன்னா வாயத் தெறந்து கேக்கக் கூச்சப்படுவாங்க சார். செருப்ப மறுபடி உள்பக்கமா திருப்பிப் போட்டுட்டாப் போதும். நான் புரிஞ்சுக்குவேன். அடுத்த பார்ட்டி வர்ற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும், நமக்கென்ன."

அந்த நிமிஷமே வேலைக்கு வரச் சொன்னேன். சமையலுக்கு அவர் மனைவி வசந்தா அக்கா. அவர் வைக்கிற கொடுவா மீன் குழம்பைப் பற்றி ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

அண்ணனிடம் சில வினோதங்கள் இருந்தன. வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு அறைக் கதவையும் விரல் கணுவால் மூன்று தட்டு தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று சொல்லி, மனசுக்குள் மூன்று எண்ணுவார். பதில் வராவிட்டால்தான் திறப்பார். "உள்ள யாருண்ணே இருக்கா, பல்லியா?" என்று நான் கிண்டல் செய்வேன். "யாரும் இல்லாத மாதிரிதான் இருக்கும் சார். கேட்டுட்டுப் போறது நல்லது" என்பார். யார் எப்போது கிளம்புவார்கள் என்பதும் அவருக்கு எப்படியோ தெரியும். திருச்சியிலிருந்து ஒரு தம்பதி மூன்று நாளுக்கு வந்திருந்தார்கள். இரண்டாம் நாள் காலை அண்ணன் அந்தக் கணவனின் செருப்பை மட்டும் துடைத்து வெளியே பார்த்துத் திருப்பி வைத்திருந்தார். நான் பதறிப் போய் மாற்றி வைத்தேன். பத்து மணிக்குச் சண்டை, பதினோரு மணிக்கு அந்த ஆள் தனியாகப் பஸ் ஏறிவிட்டார். அந்தம்மா மிச்ச நாளை நிம்மதியாகக் கழித்துவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டார். "எப்படிண்ணே?" என்றால், "பேச்சு சத்தத்துலயே தெரியும் சார்" என்றார். சரி, அறிவியல் பூர்வமான பதில்தான்.

எனக்கும் அவர் ஒரு பாடம் நடத்தினார். விருந்தாளிகள் கிளம்பும்போது நான், "சரி, பாத்துப் போங்க" என்பேன். ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டார்.

"போங்கன்னு சொல்லாதீங்க சார். போயிட்டு வாங்கன்னு சொல்லணும். கையைக் கூப்பி, லேசா குனிஞ்சு, முகத்துல சிரிப்பு இருக்கணும். நம்ம பொழப்பே அந்த வாங்கலதான் ஓடுது."

"போயிட்டு வாங்க."

"இன்னும் கொஞ்சம் குனியலாம்."

பத்துத் தடவை சொல்ல வைத்தார். எத்தனை பிள்ளைகளுக்கு இம்போசிஷன் கொடுத்திருப்பேன், அந்தப் பாவம். மூன்று மாதத்தில் அது எனக்குத் தும்மல் மாதிரி ஆகிவிட்டது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரிடம், கண்டக்டரிடம், தோப்புக்குள் வந்த எருமையிடம், எல்லோரிடமும் கைகூப்பிக் குனிந்து சிரித்து, "போயிட்டு வாங்க." வீடு நன்றாக ஓடியது. நான் தஞ்சாவூரில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தேன். மாலதி எறால் பண்ணைக்காரர் பேச்சையே எடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை வசந்தா அக்கா போன் செய்தார். வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

நானும் மாலதியும் போய்ச் சேர்ந்தோம். அவர் வீட்டு வாசலில் சேற்றோடு நூறு ஜோடிச் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர் உயிரோடு இருந்திருந்தால் அதைச் சகித்திருக்க மாட்டார். அந்தக் குவியலுக்குத் தள்ளி, சுவரோரமாக ஒரே ஒரு ஜோடி தனியாக இருந்தது. தெருவைப் பார்த்தபடி. சேறில்லாமல் துடைத்து. அவருடையது. வேலைக்குக் கிளம்புகிற ஆள் வேறு எப்படி வைப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அது போதுமான விளக்கமாக இருந்தது.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சாவு வீட்டுக்குப் போனால் யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள், திரும்பும்போது நாமும் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, சொல்லாமல் எழுந்து வர வேண்டும். நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். மதியம் தூக்கினார்கள். சங்கு ஊதி ஓய்ந்து, அழுகை ஒரு நொடி அடங்கி, பாடை வாசலைத் தாண்டி என் முன்னால் வந்தது. என் கை தானாகக் கூப்பியது. முதுகு தானாகக் குனிந்தது. வாய் தெளிவாக, கணீரென்று, முப்பது வருஷம் கடைசி பெஞ்சு வரை கேட்கப் பேசிய வாய், சொன்னது.

"போயிட்டு வாங்கண்ணே."

சிரிக்கவும் செய்தேன். பாடம் அப்படி.

பாடை தூக்கியவர்களில் முன்னால் இருந்தவர் ஒரு நொடி நின்றேவிட்டார். பின்னால் யாரோ, "யாருய்யா இது?" என்றார்கள். "அவரு மொதலாளி." "அதான் செத்தும் லீவு குடுக்க மாட்டேங்குறாரு." யாரும் சிரிக்கவில்லை. மாலதி என் முழங்கையைக் கிள்ளியதன் தழும்பு ஒரு வாரம் இருந்தது. வசந்தா அக்கா மட்டும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகு அவரே ஆள் மூலம் அண்ணனிடம் இருந்த சாவியைக் கொடுத்தனுப்பினார். தோப்பு வீட்டுக்கு இரண்டே சாவி. இரண்டும் இப்போது என் பாக்கெட்டில்.

ஐந்தாம் நாள் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக முன்பே பதிவாகியிருந்தது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, பொங்கல் கண்ணுக்குத் தெரிந்தது. காலையிலேயே கிளம்பினேன். ஒரத்தநாடு தாண்டியதும் என் கார் ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் பதினொன்றரை. அவர்கள் வாசலில் நின்று திட்டிக்கொண்டிருப்பார்கள் என்று போன் போட்டேன்.

"சார், மன்னிச்சுக்கணும், சாவி எங்கிட்டதான்..."

"பரவால்லைங்க சார், நாங்க உள்ளதான் இருக்கோம்" என்றார் அந்த மனிதர். "கதவு தெறந்துதான் இருந்துச்சு. இளநீர் எல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

நான் போய்ப் பார்த்தபோது மேஜையில் நான்கு இளநீர்க் கூடுகள், சீவின விதம்கூட அண்ணன் சீவுகிற மாதிரியே ஒரு பக்கம் சப்பையாக. வாசல்படியில் நான்கு ஜோடிச் செருப்புகள், பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக, வீட்டைப் பார்த்தபடி. நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். உடனே மூளை வேலை செய்தது. போன தடவை நான்தான் பூட்டாமல் போயிருக்கிறேன். இளநீர், மரம் ஏறுகிறவர் இறக்கி வைத்திருப்பார். திருப்பூர்க்காரர்கள் ஒழுக்கமானவர்கள். முடிந்தது.

அவர்கள் கிளம்பிய அன்று காலை நான்கு ஜோடியும் துடைத்து, தோப்பைப் பார்த்துத் திரும்பி இருந்தன. செருப்பைத் துடைத்து வைத்ததற்கு அந்தத் திருப்பூர்க்காரர் எனக்கு நன்றி சொன்னார். நானும் வாங்கிக்கொண்டேன்.

நீங்கள் இங்கே என்னைக் கேட்கலாம், அப்போதே ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று. இந்தக் கதையிலேயே கேவலமான இடம் இதுதான், அதனால் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்தேன். அடுத்த பார்ட்டி வந்தபோது நான் வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினேன். அதற்கடுத்த பார்ட்டிக்குக் கிளம்பவே இல்லை, சாவி இரண்டையும் தஞ்சாவூரில் அலமாரியில் வைத்துவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். போன் வரவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பாராட்டு மட்டும் வந்தது: 'மேனேஜர் கண்ணிலேயே படவில்லை. ஆனால் கேட்பதற்கு முன் எல்லாம் நடந்தது.' அதை நான் மாலதிக்கு வாசித்துக் காட்டினேன். புது ஆள் யார் என்று கேட்டாள். பழைய ஆள்தான் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். பொய்யில்லை பாருங்கள்.

பதினான்காம் நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்து போனேன். நல்ல வெயில், மழை விட்டிருந்தது. எல்லா அறையும் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனைப் போட்டுப் படுத்தேன். கண் அசந்தபோது கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. தோப்பில் ஒரு மட்டை விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கதவில் விரல் கணுவால் மூன்று தட்டு.

குரல் எதுவும் வரவில்லை, அதைச் சத்தியமாகச் சொல்வேன். வெறும் தட்டல்தான். ஆனால் அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். மூன்று எண்ணுவார். உள்ளே ஆள் இருக்கிறேன், அப்புறம் வாங்க என்று சொன்னால் போய்விடுவார், அதுதான் முறை. சொல்லவில்லை என்றால் வருவார், அதுவும் முறைதான். கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் நிற்காத என் வாய், என் ஐம்பத்தாறு வயசில் முதல் தடவையாக, திறக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று.

தாழ்ப்பாள் போடவில்லை. கதவு திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன். கெமிஸ்ட்ரியில் அதற்கு ஒரு சமன்பாடும் கிடையாது. இஸ்திரி போட்ட துணியின் சூட்டு வாசனை வந்தது. கால்மாட்டில் ஏதோ லேசாக இழுபட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கரண்ட் வந்து ஃபேன் சுற்றியபோதுதான் கண்ணைத் திறந்தேன். கதவு பழையபடி சாத்தியிருந்தது. நான் கசக்கிப் படுத்திருந்த விரிப்பு, என் கால் இருந்த பக்கத்தில் மட்டும், ஓட்டல்காரர்கள் மடிக்கிற மாதிரி முக்கோணமாக மடித்து மெத்தைக்கடியில் செருகியிருந்தது. என் கால்களோடு சேர்த்து. உருவி எடுக்கவே கஷ்டப்பட்டேன்.

நேரே வசந்தா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் ஆச்சரியப்படவில்லை. உட்காருங்க என்றுகூடச் சொல்லவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து, கிணற்று மேடையைக் காட்டினார். வாழை இலையில் சோறும் குழம்பும் காய்ந்து கிடந்தன.

"பதினாலு நாளா வைக்கிறேன் சார். ஒரு காக்கா வந்து தொடல. இந்தத் தெருவுல எத்தன காக்கா இருக்கு, நீங்களே பாருங்க."

பக்கத்து வீட்டு ஓட்டில் ஏழெட்டுக் காக்கைகள் உட்கார்ந்திருந்தன. நான் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும், அலமாரியில் வைத்த சாவி உட்பட.

"எனக்குத் தெரியும்" என்றார். "டூட்டியில இருக்குற மனுசன் எப்படி சார் சாப்பிட வருவாரு. நீங்கதான வரச் சொன்னீங்க." பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார். "இருபத்திநாலு வருசம் மஸ்கட்டு. திரும்பி வந்து மூணே வருசம். அதுலயும் உங்க வீடு. செத்ததுக்கப்புறமும் ஒரு நாளு இந்தப் பக்கம் வரல. எனக்குன்னு எப்பத்தான் சார் விடுவீங்க?"

நான் தலையைக் குனிந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் மண்டைக்குள் ஒரு மூலையில், சனிக்கிழமை பத்துப் பேர் கூட்டமாக வருகிறார்களே, யார் பார்த்துக்கொள்வது என்று ஒரு கணக்கு ஓடியது. மனிதன் இவ்வளவுதான்.

"நாளைக் கழிச்சுக் கருமாதி. அதுக்குள்ள போயிச் சொல்லிடுங்க. நீங்க கூப்பிட்டது, நீங்கதான் அனுப்பணும். போங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்த வேணாம்."

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தோப்பு வீட்டு வாசல்படியில் நின்றேன். வெளியிலிருந்து கதவை மூன்று தட்டு தட்டினேன், மூன்று எண்ணினேன், அவர் முறைப்படி. உள்ளே போய்க் கூடத்தில் நின்றேன். ஆளில்லாத வீட்டில் சத்தம் போட்டுப் பேசுவது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அண்ணே, உங்களை மாதிரி ஒரு ஆள் எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று சொல்லத்தான் வந்தது. அதைச் சொல்லக் கூடாது என்று விழுங்கினேன். அழுதுவிட்டேன் என்பதை மாலதியிடம் இன்னும் சொல்லவில்லை.

"அண்ணே. போங்க."

அவ்வளவுதான் சொன்னேன். அப்படித்தான் நினைக்கிறேன். கதவைப் பூட்டி, படி இறங்கி, காரைக் கிளப்பும் வரை வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் காரில் ஏறுவதற்கு முன் வீட்டைப் பார்த்து ஒரு தடவை திரும்பினேன், கை கூப்பினேன், அது நினைவிருக்கிறது. கை கூப்பினால் முதுகு குனியும், முதுகு குனிந்தால் வாய் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். சொன்னேனா இல்லையா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைவு அந்த இடத்தில் வழுக்குகிறது.

அன்று மத்தியானம் வசந்தா அக்கா போன் செய்து, காக்கா வந்தது என்றார். முதலில் ஒன்று, அப்புறம் கூட்டமாக. இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. "போங்கன்னு மட்டும்தான சார் சொன்னீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை வந்த பத்துப் பேரும் பூட்டின கதவுக்கு முன்னால் நின்று என்னைத் திட்டினார்கள். எனக்கு அது காதில் தேன் மாதிரி இருந்தது. பிறகு கும்பகோணத்திலிருந்து ஒருவர் மேனேஜராக வந்தார், நம்பர் அழுத்தினால் திறக்கிற பூட்டு மாட்டினார், நல்ல மனிதர். வசந்தா அக்கா மறுபடி சமைக்க வருகிறார். வாசல்படியில் செருப்புகள் கன்னாபின்னாவென்று கிடக்கின்றன. பொங்கல் வந்து போனது, மாலதி விற்கவில்லை. இதோடு முடிந்திருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன், மீத்தேன் கணக்கில் சேர்த்துவிட்டு இருந்திருப்பேன்.

அது போன வருஷம். இப்போது எங்கள் மகள் வளைகாப்பு முடிந்து தஞ்சாவூரில் எங்களோடு இருக்கிறாள். மாசியில் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு நாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். மாலதி செருப்பும் மகள் செருப்பும் வீட்டைப் பார்த்தபடி இருந்தன. என்னுடையது தெருவைப் பார்த்துத் திரும்பி இருந்தது. முந்தின நாள் தோப்புக்குப் போய் வந்த செருப்பு, ஒட்டின களிமண்ணைக் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டிருந்தேன். களிமண் இல்லை. துடைத்திருந்தது.

நான் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, காலாலேயே அதைத் திருப்பி, வீட்டைப் பார்த்த மாதிரி போட்டேன். பிறகு காலால் செய்தது மரியாதையில்லை என்று தோன்றி, குனிந்து கையால் சரி செய்தேன். மறுநாள் அப்படியே இருந்தது. ஒன்பது நாள் அப்படியே இருந்தது. பத்தாம் நாள் மறுபடி திரும்பியிருந்தது. நான் மறுபடி உள்ளே திருப்பினேன். இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. என் நீட்டிப்பை அண்ணன் மறுக்கவில்லை. அடுத்த பார்ட்டி வரும் வரைதான் என்பதும் அவர் முறை. உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டேன், டாக்டர் என்னைக் கைகூப்பி வழியனுப்பினார். அவர் போயிட்டு வாங்க என்று சொன்னாரா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். சொன்னார்.

மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து ஆசையாக ஒரு குட்டி ஜோடிச் செருப்பு அனுப்பியிருந்தார், என் கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். மாலதி, பிள்ளை பிறப்பதற்கு முன்னால் இதெல்லாம் வாங்குவார்களா என்று சத்தம் போட்டு, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் கைப்பையில்தான் இருக்கும்.

இன்று காலை கதவைத் திறந்தேன். என் செருப்பு துடைத்து, தெருவைப் பார்த்தபடி இருந்தது. அதன் பக்கத்தில், வரிசை பிசகாமல், அந்தக் குட்டி ஜோடி வீட்டைப் பார்த்தபடி இருந்தது.

என்னுடையதை எப்போதும்போலக் குனிந்து திருப்பி வைத்தேன். அதைத் திருப்பவில்லை. அதை எப்படித் திருப்புவது?